விலைவாசி உயர்வும் வீட்டு நாயின் வைத்தியச் செலவும்

குடும்பச் செலவு ஏறுங்காலத்தில் வீட்டிலுள்ளோர் முதன்முதலில் எதைக் குறைக்கிறார்கள் என்பதைக் கவனித்தால், அக்குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கில் கடைசி வரி எது என்பது தெளிவாகும். மதுரை நகரத்திலும் அதனைச் சூழ்ந்த மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளிலும் அக்கடைசி வரியில் நிற்பது பெரும்பாலும் வாசற்படியில் படுத்திருக்கும் நாயே ஆகும். பசுவுக்குப் பிண்ணாக்கு நிறுத்தினால் மறுநாளே கறவையில் தெரிந்துவிடும். ஆட்டைக் கவனியாது விட்டால் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விலை இறங்கிவிடும். ஜல்லிக்கட்டுக் காளையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. தன் வயிற்றைக் கட்டியாவது அதற்குப் பருத்திக் கொட்டை வாங்குவோர் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் உண்டு. நாய்க்கு இத்தகைய கணக்கு ஒன்றும் இல்லை. அது பால் தருவதில்லை, விலை போவதில்லை, பரிசு கொண்டு வருவதுமில்லை. ஆதலின், "இந்த வருஷம் நாய்க்கு ஊசி வேண்டாம்; அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம்" என்ற தீர்மானம் யாருடைய மனமும் நோகாமல் நிறைவேறி விடுகிறது.

குடித்தனக்காரர் செய்யும் சிக்கனங்களுள் இதைப் போல் நஷ்டம் விளைவிப்பது வேறொன்றில்லை.

நாய் வளர்ப்பது பட்டணத்துச் செல்வரின் பொழுதுபோக்கு, அதைப் பற்றி விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இந்த ஜில்லாவின் கிராமங்களில் நாய் பொழுதுபோக்குக்காக வளர்க்கப்படவில்லை. ஆட்டுக்கிடை போடுவோரின் இரவுக் காவல் அது. அழகர்மலை அடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றியை விரட்டுவதும், களத்தில் கிடக்கும் நெல்லுக்கும் வாழைத் தோப்புக்கும் காவல் நிற்பதும் அதுவே. கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, இராஜபாளையம் எனப் பெயர் பெற்ற நாய்களெல்லாம் மதுரைக்கும் அதன் தெற்கு, மேற்கிலுள்ள சீமைக்கும் உரியவை. இராஜபாளையம் நாயின் உருவம் 2005-ல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம் பெற்றது. நகரத்திலும், செல்லூரில் தறி ஓட்டும் குடும்பமும் தெப்பக்குளத்தருகே இட்டிலி விற்கும் குடும்பமும் வளர்க்கும் நாய்கள் ஆடம்பரத்துக்கானவை அல்ல. பூட்டு வாங்க இயலாத வீட்டுக்கு அவையே பூட்டு.

இப்படிப்பட்ட நாய்க்கு வருஷத்தில் ஒருமுறை வெறிநோய்த் தடுப்பூசி போடாவிட்டால் என்ன நேரும்? பெரும்பாலும் ஒன்றும் நேராது. அதுவே இவ்விஷயத்திலுள்ள பெரிய ஆபத்து. மூன்று வருஷம் ஊசி போடாமல் ஒன்றும் நேராத வீட்டார், ஊசியே வீண் செலவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான்காம் வருஷம் எங்கிருந்தோ வந்த நாயொன்று இரவில் அதைக் கடித்துவிட்டுப் போவதை யாரும் பார்ப்பதில்லை. சில வாரமோ சில மாதமோ சென்றபின் அந்த நாய் சோறு தின்னாமல் மூலையில் ஒதுங்கும், குரல் மாறும், பின்பு கண்டதைக் கடிக்கும். அதற்கு முன்னரே அது வீட்டுக் குழந்தையின் கையை நக்கியிருக்கும். விளையாட்டாகப் பல்லும் பதித்திருக்கும்.

வெறிநோயின் குறிகள் மனிதரிடத்தில் தோன்றியபின் மரணம் ஏறக்குறைய நிச்சயம். உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பவர்கள். பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள். மனிதருக்கு இந்நோய் வருவது ஏறக்குறைய முழுவதும் நாய்க்கடியினாலேயே.

உழவர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. வெறிநாய் கடித்த பசுவுக்கும் எருமைக்கும் இந்நோய் வரும். அப்பொழுது அவை எச்சில் ஒழுக நிற்கும், தீவனத்தை விழுங்க மாட்டா, அடித்தொண்டையில் கத்தும். தொண்டையில் மாங்கொட்டையோ கிழங்கோ சிக்கிக் கொண்டது என்று நினைத்து, வீட்டுக்காரர் வாயினுள் கையை விட்டுத் துழாவுவது வழக்கம். இவ்வாறு துழாவிய கையில் சிறு கீறல் இருந்தாலும் போதும். நாய்க்கு ஊசி போடாததால் விளையும் கேடு தொழுவம் வரையில் எட்டும் என்பதற்காகவே இது கூறப்படுகிறது.

இனிச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஊசி போடாத நாய் ஒரு சிறுவனைக் கடித்துவிட்டதாக வைத்துக் கொண்டால், காயத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவ வேண்டும். பின்பு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மதுரை அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியிலோ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்குக் காசில்லை என்பது உண்மை. ஆனால் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் தோலினுள் போடும் முறைப்படி கடித்த நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு முறை போக வேண்டும். சிறுவனைத் தனியே அனுப்ப முடியாது. தாயோ தந்தையோ உடன் போக வேண்டும். நாட்கூலி 500 ரூபாய் என்று கொண்டால், நான்கு நாட்கூலியாக 2,000 ரூபாய் போய்விடும். பஸ் கட்டணம், நான்கு நாள் பள்ளி, இரவு முழுவதும் உறங்காத கவலை ஆகியவை இதற்கு மேல். நாய்க்கு ஆண்டு ஊசி தனி வைத்தியரிடத்தில் போட்டாலும் சில நூறு ரூபாய்தான். சர்க்கார் கால்நடை வைத்தியசாலையில் அதுவும் இல்லை; கட்டணமின்றியோ மிகச் சொற்பக் கட்டணத்திலோ முடிந்துவிடும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டாயிரத்தை இழப்பது சிக்கனமாகாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் கிராமத்துப் பெரியவர்களை விட்டபாடில்லை. ஆட்டு மூளையிலிருந்து செய்த அம்மருந்து 2004-ஆம் வருஷக் கடைசியோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்பொழுது கையில் போடும் சிறு ஊசிதான். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனம் 1907-ல் ஏற்பட்டது முதல் நூறாண்டுக்கு மேலாக மருந்து கிடைத்துவரும் நோய்க்கு, மருந்தின் பழைய உருவத்தை எண்ணி அஞ்சி இன்றும் சிலர் கடிவாயில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்பிக் கொள்வது வருந்தத் தக்கது. அவை காயத்தைப் புண்ணாக்குமேயன்றி விஷத்தைப் போக்கா.

வீட்டு வைத்தியம் முழுதும் பிழை என்பது இதன் கருத்தன்று. கறவை மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலை முழுதும் கறந்தபின் மடியில் நாளொன்றுக்குப் பலமுறை பூசும் முறை, கால்நடைப் பல்கலைக்கழகத்தாரால் ஆராயப்பட்டு, இப்பொழுது வடநாட்டுப் பால் சங்கங்களிலும் பரவியிருக்கிறது. சொற்பக் காசில் நல்ல குணம் தெரிகிறது. மடியில் குணம் செய்யும் சுண்ணாம்பு நாய்க்கடியில் கேடு செய்கிறது. மலிவான மருந்து நல்லதா கெட்டதா என்று பொதுவில் கேட்பதில் பயனில்லை. எந்த நோய்க்கு எது ஆராய்ந்து கண்டது என்பதையே கேட்க வேண்டும்.

பணமுடையின்போது இதே தவறு வேறோர் உருவத்தில் வருகிறது. வைத்தியரிடம் போகாமல், மனிதருக்கென்று மருந்துக் கடையில் விற்கும் மாத்திரையை வாங்கிப் பிராணிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காய்ச்சலுக்குப் பிள்ளைக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடப் போதும். மூட்டு வலிக்குப் பெரியவர்கள் விழுங்கும் ஐபுபுரூபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டு ரூபாய் மாத்திரையில் வேலை முடிந்தது என்று நினைத்த வீட்டார் பிராணியைப் புதைக்கவும் நேரிடுகிறது.

மலிவான வலிமருந்து ஒன்று ஒரு தேசத்தையே நஷ்டப்படுத்திய வரலாறும் இதனோடு சேர்ந்தது. டைக்ளோபினாக் என்ற மருந்து 1990-களில் மாடுகளுக்குத் தாராளமாகப் போடப்பட்டது. அம்மருந்து உடலில் உள்ளபோதே இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. வெண்முதுகுக் கழுகு என்ற ஜாதி பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. காரணம் 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2006-ல் மாடுகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இப்பொழுது கழுகுகள் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நீலகிரியின் மோயாற்றுப் பள்ளத்தாக்கிலேயே. கழுகு தின்னாது விட்ட பிணத்தைத் தெருநாய்கள் தின்று பெருகின. நாய் பெருகியதால் கடியும் வெறிநோயும் கூடின என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். மாட்டின் காய்ச்சலுக்குப் போட்ட மலிவு ஊசியின் செலவு, பத்தாண்டு கழித்து யாரோ ஒரு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் தலையில் விழுந்தது. கெட்டோபுரோபன், அசிக்ளோபினாக் என்ற வேறிரண்டு மருந்துகளும் 2023-ல் பிராணிகளுக்குத் தடை செய்யப்பட்டன. கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் கிடைக்கிறது; கேட்டு வாங்குவோர் வேண்டும்.

சர்க்கார் வைத்தியசாலைகள் இருக்கும்போது ஜனங்கள் ஏன் மருந்துக் கடையை நாடுகிறார்கள்? மதுரையில் தல்லாகுளத்தில் பெரிய கால்நடை வைத்தியசாலை இருக்கிறது. தாலுகாக்களிலும் பெரிய கிராமங்களிலும் கிளைகள் உண்டு. ஜனங்கள் இவற்றை 'மாட்டாஸ்பத்திரி' என்றே அழைக்கிறார்கள். பெயரிலேயே மாடு இருப்பதால், நாயையோ பூனையையோ அங்கே கொண்டுபோனால் நகைப்பார்களோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு. இந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. தல்லாகுளத்தில் காலை வேளையில் பசுவுக்குப் பக்கத்தில் நாயும், கூண்டில் கிளியும், கோணிப்பையில் பூனையும் காத்திருப்பதை யாரும் காணலாம். மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதிக்குக் கண்ணில் புரை விழுந்தபோது 2022-ல் தாய்லாந்து தேசத்திலிருந்து வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அந்த யானைக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு துளி, சந்து முனையிலுள்ள நாய்க்கும் கிடைக்க வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை.

கூச்சத்தைவிடப் பெரிய தடை வேளை. வைத்தியசாலை திறந்திருக்கும் நேரமும் கூலிக்காரர் வேலையிலிருக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நாயைக் கட்டிப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆட்டோவில் கொண்டு போனால் ஊசியைக் காட்டிலும் வண்டிக்கூலி அதிகம். இலவச வைத்தியம் என்று எழுதப்பட்டிருந்தாலும் ஏழை வீட்டுக்கு அது இலவசமாக வந்து சேருவதில்லை. 1962 என்ற எண்ணில் தொலைபேசியில் கூப்பிட்டால் வரும் நடமாடும் வைத்திய வண்டிகள் 2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டுக்கு 245 புதிதாக அளிக்கப்பட்டன. வைத்தியசாலை எட்டாத கிராமங்களுக்கு இது பெருத்த உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் வண்டி கிராமத்துக்கு வந்து நிற்கும்போது மாடும் ஆடுமே அதன் முன் நிறுத்தப்படுகின்றன. நாயைக் கொண்டு வருவோர் அரிது. வண்டி வந்திருக்கும் நாளிலேயே நாயையும் பிடித்துவந்து கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

வெறிநோயை ஒழிப்பது ஒரு வீட்டாரால் மட்டும் ஆகும் காரியமன்று என்பதும் உண்மையே. ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பது பல தேசங்களில் கண்ட அனுபவம். கோவாவில் 2013-ல் தொடங்கி வீதி வீதியாக நாய்களுக்கு ஊசி போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். 2021-ல் அது வெறிநோய் கட்டுப்பட்ட இராஜ்யமென அறிவிக்கப்பட்டது. கோவாவில் நடந்தது மதுரையில் நடவாது என்று சொல்லக் காரணமில்லை. தெருநாயைப் பிடித்து ஊசி போடுவது நகரசபையின் வேலை. ஆனால் வாசலில் சோறு தின்னும் நாயைப் பிடித்து நிறுத்தும் வேலையை வீட்டார்தாம் செய்ய முடியும். அந்த எழுபதில் பெரும்பங்கு வீட்டு நாய்களே. ஒவ்வொரு வீட்டாரும் இந்த வருஷம் வேண்டாமென்று விட்டால், எழுபது ஐம்பதாகி, ஐம்பது முப்பதாகும்.

ஊசியில் சிக்கனம் கூடாது என்பதனால், எதிலுமே சிக்கனம் கூடாது என்றாகாது. குறைக்கத் தக்கவை பல உண்டு. அவற்றை யாரும் குறைப்பதில்லை என்பதே வியப்பு. கடையில் பொட்டலத்தில் விற்கும் நாய்த் தீனி அவற்றுள் முதலாவது. 2017-ல் சரக்கு சேவை வரி வந்தபோது மாட்டுத் தீவனத்துக்கு வரி விலக்கப்பட்டது; பொட்டல நாய்த் தீனிக்கு நூற்றுக்கு 18 வரி விதிக்கப்பட்டது. வைத்தியசாலையில் செய்யும் வைத்தியத்துக்கு வரியே இல்லை. வரியில்லாத வைத்தியத்தை நிறுத்திவிட்டு வரியுள்ள பொட்டலத்தைத் தொடர்ந்து வாங்கும் வீடுகள் நகரத்தில் இருக்கின்றன. இந்தச் சீமை நாய்கள் கேழ்வரகுக் கூழும் சோறும் மோரும், எப்பொழுதாவது எலும்பும் தின்று வளர்ந்தவை. சோற்றோடு முட்டையோ, ஆட்டு ஈரலோ, வேகவைத்த பருப்போ சேர்த்தால் போதிய ஆகாரமாகும். வெங்காயம் சேர்ந்த குழம்பு, திராட்சை, சாக்லேட் இவை ஆகா. வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். இவ்வளவே விதி.

பனிப் பிரதேசத்து நாய்களை மதுரைச் சித்திரை வெயிலில் வளர்க்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாமலிருக்க முடியவில்லை. அடர்ந்த உரோமமுள்ள அந்நாய்க்கு மின்விசிறியும், சில வீடுகளில் குளிர்சாதன அறையும் வேண்டியிருக்கின்றன. தோல் புண்ணுக்கு மாதந்தோறும் வைத்தியம் வேறு. இரண்டு வருஷம் சென்றபின், கட்டுப்படியாகவில்லை என்று வைகை மணலிலோ சுற்றுச் சாலையிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வாங்குமுன் சிந்திக்க வேண்டியதை விடும்போது சிந்திக்கிறார்கள்.

குட்டிகளின் வைத்தியம் தனியாகக் கூறத் தக்கது. ஆறு வாரத்துக் குட்டியைச் சந்தையிலோ சொந்தக்காரரிடமோ வாங்கி வருவோர், அதற்கு உடனே போட வேண்டிய பார்வோ தடுப்பூசியைப் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. 1978 வாக்கில் உலகில் தலைகாட்டிய நோய் இது. குட்டி முதலில் வாந்தியெடுக்கும். பின்பு துர்நாற்றத்தோடு இரத்தமாகக் கழியும். கவனியாவிட்டால் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். வைத்தியம் உண்டு, ஆனால் தினமும் இரத்தக் குழாயில் உப்புநீர் ஏற்றி, ஐந்து நாள், ஏழு நாள் என்று அலைய வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, சில வார இடைவெளிகளில் போடும் தடுப்பூசிகளின் செலவு இதில் ஒரு சிறு பங்கே. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய் ஊசி தொடங்க வேண்டும். நடுவில் குடற்புழு மருந்து. இவற்றின் செலவை விசாரித்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகே குட்டியைத் தூக்கி வருவது நலம்.

பெண் நாய் வைத்திருப்போர் கருத்தடை செய்துவிட்டால் அதுவே பெருத்த மிச்சம். ஏறக்குறைய அறுபத்து மூன்று நாளில் குட்டி போடும் பிராணி அது. வருஷத்துக்கு இரண்டு ஈற்றும் ஆகலாம். ஒவ்வோர் ஈற்றிலும் பிறக்கும் குட்டிகளைப் பெண் குட்டி என்பதற்காகவே கோணியில் கட்டித் தெருவில் விட்டு வரும் கொடுமை கிராமத்திலும் நகரத்திலும் நடக்கிறது. அடுத்த வருஷத்தில் தெருவில் கூட்டமாய்த் திரிந்து ஆட்டுக்குட்டியைக் கடிப்பவை அவைகளே.

வைத்தியரிடத்தில் விலை கேட்பதை மானக்குறைவாக நினைக்கும் வழக்கமும் மாற வேண்டும். துணிக்கடையில் ஒரு மணி நேரம் பேரம் பேசுபவர், வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் வெளியே வருகிறார்; மருந்துக் கடையில் மொத்தத் தொகையைக் கேட்டதும் பாதி மாத்திரையை மட்டும் வாங்குகிறார்; மறுமுறை வைத்தியசாலைப் பக்கம் போவதேயில்லை. பாதியில் நின்ற வைத்தியத்தால் வாங்கிய பாதியும் வீணாகிறது, நோயும் முற்றுகிறது. "ஐயா, என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் செய்யத் தக்கது எது?" என்று முதலிலேயே கேட்டுவிட்டால், அனுபவமுள்ள எந்த வைத்தியரும் கோபித்துக் கொள்வதில்லை. எதைத் தள்ளிவைக்கலாம், எதைத் தள்ளிவைக்கக் கூடாது என்று அவரே பிரித்துச் சொல்வார். முதிர்ந்து, குணமாகாத நோயில் வதையும் நாயின் விஷயத்திலும் இக்கேள்வியே கேட்கத் தக்கது. மாதக்கணக்கில் கடன் வாங்கி ஊசி போடுவதைக் காட்டிலும், வலியின்றி அதன் உயிர் பிரியச் செய்வது சில வேளைகளில் இரக்கமாகும். அதைச் சொல்ல வீட்டார் அழுவார்கள். வைத்தியருக்கும் அது எளிதன்று. ஆனால் பேசாமலிருப்பதால் துன்பம் குறைவதில்லை.

பணத்தைச் சேர்க்கும் வழி மிக எளிது. வாரம் 10 ரூபாயை ஓர் உண்டியலில் போட்டால் வருஷத்தில் 520 ரூபாயாகும். வெறிநோய் ஊசிக்கும் குடற்புழு மருந்துக்கும் அது பெரும்பாலும் போதும். பசுவுக்கு இன்ஷியூரன்ஸ் செய்ய சர்க்கார் உதவுகிறது. 2024 பிப்ரவரியில் செய்த மாறுதலின்படி கட்டணத்தில் நூற்றுக்கு 15 பங்கே வளர்ப்பவர் கொடுக்க வேண்டியது. நாய்க்கு அத்தகைய உதவி இல்லை. தனியார் கம்பெனிகள் விற்பவை நகரத்துச் செல்வர்க்கே ஏற்றவை. ஆகவே ஏழை வீட்டு நாய்க்கு உண்டியல்தான் இன்ஷியூரன்ஸ். மகளிர் சுய உதவிக் குழு உள்ள தெருக்களில் இதையே பொதுவாகவும் செய்யலாம். இருபது வீட்டார் சேர்ந்தால், ஒவ்வொருவரும் ஆட்டோ பிடித்து நாயைக் கொண்டு போவதற்குப் பதிலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தியரையே தெருவுக்கு அழைத்துவிடலாம். வண்டிக்கூலி இருபதில் ஒரு பங்காகிவிடும். மதுரைக் குழுக்களின் பெண்கள் வீட்டுக் கடனையும் பள்ளிக் கடனையும் திறமையாக நடத்துபவர்கள். நாய்க்கு ஊசி போடும் ஏற்பாடு அவர்களுக்குப் பெரிய காரியமன்று.

இலாகாவின் பக்கத்திலும் செய்யத் தக்கவை உண்டு. ஜூலை 6-ஆம் தேதியையும் செப்டம்பர் 28-ஆம் தேதியையும் ஒட்டி இலவச வெறிநோய் ஊசி முகாம்கள் நடத்தப்படுகின்றன. முன்னது, 1885-ல் பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வெறிநாய் கடித்த சிறுவனுக்கு முதன்முதலாக மருந்து குத்திய நாள். பின்னது அவர் இறந்த நாள். அந்நாட்களைக் கொண்டாடுவது நல்லதே. ஆயினும் கூலிக்காரருக்கு அவை வேலை நாட்களாக அமைந்துவிட்டால் முகாமில் வந்து நிற்பவை மோட்டாரில் வந்த நாய்களாகவே இருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது வைத்தியசாலையை மாலை ஏழு மணி வரை திறந்து வைப்பதும், திருமங்கலம் ஆட்டுச் சந்தை கூடும் வெள்ளிக்கிழமைகளில் சந்தைத் திடலிலேயே ஊசிப்பெட்டியோடு ஒருவரை உட்கார்த்தி வைப்பதும், அட்டை ஒன்றை எழுதிக் கொடுத்து அடுத்த வருஷத்துத் தேதியைக் குறித்து அனுப்புவதும் பெருஞ்செலவுள்ளவை அல்ல.

இன்னும் எளியது ஒன்று இருக்கிறது. மார்கழிக் கடைசியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களுக்குப் போகும் காளைகளை வைத்தியர்கள் பரிசோதித்துச் சான்று கொடுக்கிறார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து காளைகள் ஒழுங்காக வந்து சேருகின்றன. சான்று இல்லையேல் களம் இல்லை என்பதால் யாரும் தவறுவதில்லை. அக்காளை கட்டியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் நாயும் உண்டு. காளையைப் பரிசோதனைக்குக் கொண்டு வரும்போதே வீட்டு நாயையும் கயிற்றில் கட்டி அழைத்துவரச் சொல்லி, காளையின் சான்று எழுதப்படும் மேஜைக்கு அடுத்த மேஜையில் நாய்க்கு ஊசி போட்டு அனுப்பினால், வண்டிக்கூலியும் வேறில்லை, போகும் கூலியும் வேறில்லை. ஊசிமருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டியது ஒன்றே அதிகப்படி வேலை. வரும் மார்கழிக்குள் இரண்டொரு கிராமங்களிலாவது இதை நடத்திப் பார்க்கலாம்.